நின்றிருக்க வேண்டிய திரை

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா, எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். பிறகு நீங்கள் கேட்பதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

நான் பிசினஸ் அனலிஸ்ட். மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று குடைந்து குடைந்து கேட்டு, அதைச் செய்கிறவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு தேவைக்கும் கணினியில் ஓர் அட்டை. அதன் கீழே நிபந்தனைகள். நிபந்தனையில் இல்லாததை எங்கள் ஆட்கள் செய்யவும் மாட்டார்கள், சோதித்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

அணியில் எனக்குத் ‘தபால்காரர்’ என்று பட்டப்பெயர். காலையில் நின்றபடியே நடத்தும் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தாலே மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இந்த மருத்துவமனை வேலை தொடங்கிய அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்:

“அவங்க கேட்டதை எழுதுங்க, போதும். உங்க கேள்வியாலதான் எல்லாம் இழுத்துக்கிட்டே போகுது. அடுத்த ப்ராஜெக்ட்ல அனலிஸ்டே வேண்டாம்னு பாக்கறேன்.”

டெவலப்பர்கள் சிரித்தார்கள். அவர்கள் விட்ட ஓட்டைகளையெல்லாம் அடைத்தவன் நான். அவர்களுக்கு நான் கிள்ளுக்கீரை. அன்றைக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அன்று மதியமே குழந்தைகள் வார்டுக்குப் போனேன். எடையை வைத்து மருந்தின் அளவைக் காட்டும் திரைக்காக. தலைமை நர்ஸ் அக்கா வேலைக்கு நடுவில் நின்று சொன்னார்:

“தம்பி, உடம்பு வீங்கி வர்ற பிள்ளைங்களுக்கு வீக்கம் வடிஞ்சா எடை மளமளன்னு இறங்கிடும். பழைய எடைய வச்சு கணக்குப் போட்டா மருந்து அதிகமாயிடும். அன்னைக்கு எடை பாக்கலன்னா திரை அப்படியே நின்னுடணும். மறந்துடாதீங்க.”

“மறப்பேனாக்கா” என்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் உட்கார்ந்து நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால், அவர் போலீசில் வந்து சொல்லும் அளவுக்கு விட்டிருக்க மாட்டேன்; இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

நான் மறக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். ‘எடை பதிவாகியிருந்தால் அளவைக் காட்ட வேண்டும்’ என்று போட்டேன். என்றைக்குப் பார்த்த எடை என்று ஒருவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவனும் கேட்கவில்லை. திரையைப் போட்டுக் காட்டிய அன்று அக்காவால் வார்டை விட்டு வர முடியவில்லை. அவர் சார்பில் ‘சரி’ சொன்னதும் நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏதாவது சின்னதாகத் தப்பு நடக்கும், என்னிடம் ஓடி வருவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீக்கம் வடிந்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண் குழந்தைக்கு, புதிதாக வந்த நர்ஸ் திரையை நம்பி மருந்தை ஏற்றிவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

மருத்துவமனை நடத்திய விசாரணையில் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் சொன்னேனே தம்பி?”

“இல்லக்கா. சொல்லியிருந்தா எழுதாம விட்டிருப்பேனா?”

அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வருத்தம்தான் ஐயா. ஆனால் இப்போது எங்கள் நிறுவனத்தில் அனலிஸ்ட் இல்லாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. இனிமேல் எத்தனை பிள்ளைகள் இதனால் பிழைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் இதை யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுமதித்தால் நானே போய்ச் சொல்கிறேன். என்னிடம் நிச்சயம் நன்றி சொல்வார்.