பஜ்ஜிக் கடையில் தொகை நுண்கணிதம்

அய்ய, அந்தப் பேப்பர்ல வேணாம் பாய்! வேற பேப்பர்ல கட்டு. கட்டிட்டியா? பிரி. பஜ்ஜிய வெளிய எடு... எடுன்றேன்ல! எண்ணெ எறங்கறதுக்குள்ள எடு பாய், உனுக்குப் புண்ணியமாப் போவும். ஆங்... இப்டி குடு அத்த. போச்சு. பாதிக் கணக்கு போச்சு. முன்னாடி பக்கம் தெரியுது, பின்னாடி பக்கம் வாயக்கா பஜ்ஜி அப்டியே குந்திட்டு எயுந்து போயிகீது.

இன்னா அப்டி பாக்கற? பைத்தியம்ன்ற? சொல்லு சொல்லு. தண்டையார்பேட்டையே அப்டித்தான் சொல்லிகினு கீது. போன வாரம் நெட்டுக்குப்பத்துல மீன் வறுக்கற அம்மா ஒண்ணு கேக்குது, "இன்னா நைனா, மீன வுட்டுட்டு பேப்பர மோந்து பாத்துகினு கீற"ன்னு. மோந்து பாக்கல பாய். படிச்சிகினு இருந்தேன். மசாலாக்கு அடியில எயுத்து தெரியல, கிட்ட வெச்சி பாத்தேன், அவ்ளோதான்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் யாசின் பாய். உன் கட்டுல, தோ அந்தக் கல்ல வெச்சி அமுக்கி வெச்சிகீறியே, அதுல "தொகை நுண்கணிதம்"னு மேல போட்ட பேப்பரு எத்தினி கீதோ அல்லாத்தியும் எனுக்குக் குட்த்துடு. பதிலுக்கு நூஸ் பேப்பரு கொண்ணாந்துகீறேன், தோ பாரு பையில. நீ பாட்டுக்கு போட்டுகினு இரு, நானே பாத்து எடுத்துக்கறேன். பலகய கொஞ்சம் தள்ளிக்கோ.

ப்ளஸ் டூ கணக்கு பாய். இன்னான்னு கேட்டா எனுக்கும் தெரியாது. எங்கூட்டு பொண்ணு மதிக்குத் தெரியும். பரிச்ச வருது அவளுக்கு, திங்கக்கெயம. வர்ற பரிச்சயில இந்தப் பாடம்தான் முக்காவாசின்றாங்க. பாடம் கீது, பரிச்ச கீது, புக்குதான் இல்ல.

ஏன் இல்ல? நல்லா கேட்ட. அந்தக் கமிட்டியால! எந்தக் கமிட்டின்றியா... எதுனா ஒரு கமிட்டி. ப்ளஸ் டூ கணக்கு பயசாப் போச்சு, மாத்தப் போறோம்னானுங்க. சரி, மாத்துங்க. ஜூன்ல வரும்னானுங்க. ஜூன் வந்துச்சு, புக்கு வர்ல. ஜூலைன்னானுங்க. அப்பால, இல்லல்ல, புதுசு அடுத்த வர்சம்தான், இந்த வர்சம் பயசையே நடத்துங்கன்னானுங்க. நடத்தலாம், பயசு எங்கடா? அச்சடிக்கல. ஏன் அச்சடிக்கல? புதுசு வரப்போவுதே, அதனால. புதுச ஏன் அச்சடிக்கல? இன்னும் எயுதி முடிக்கலயாம். இத்த கேட்டுட்டு ஒரு மன்சன் சிரிக்கறதா அயுவறதா?

நானும் இருவது வர்சமா திருவொத்தியூர் கோடவுன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன். கம்பெனில வண்டி மாத்துனா மொதல்ல புது வண்டிய கொண்ணாந்து நிறுத்துவான், அப்பால பயசை இஸ்துகினு போவான். இந்த அறிவு ஒரு கோடவுன்காரனுக்கு கீது. இவனுங்க பயச இஸ்துகினு பூட்டானுங்க, புதுசு இன்னும் கப்பல்லயே கீது.

அடுப்பப் பாரு பாய், கருகுது.

போன்ல கீதேன்றியா? அல்லாரும் இத்ததான் சொல்றீங்க. அதுலயும் பயச எடுத்துட்டு "விரைவில்"னு போட்டு வெச்சிகீறானுங்க. எங்கூட்டம்மா போனு கண்ணாடி ஒடஞ்சி கீது, அதுலயும் அந்த "விரைவில்" மட்டும் தெளிவாத் தெரியுது. மத்த பாடம்லாம் டீச்சரம்மா ஜெராக்ஸ் போட்டுக் குட்த்துச்சு, பாவம். அதுங்கைல இருந்த ஒரு புக்குல இந்தப் பாடம் மட்டும் கிய்ஞ்சி போயி கீது. பாத்தியா, எது வேணுமோ அதான் கிய்யும்.

சரி, தெருவுல ஒரு பயய புக்கு கூடவா இல்லன்னு கேப்ப. இருந்துச்சு பாய். அதான வவுத்தெரிச்சல்!

எங்க தெரு கேரம் கிளப்பு தெரியும்ல? நீ கூட ஒரு தபா வந்து ஆடி தோத்துட்டு போன... சரி சரி, போர்டு சரியில்ல, ஒத்துக்கறேன். அந்த ரூம்புலதான் புக்கு வெப்போம். பரிச்ச முடிஞ்சா புள்ளைங்க அல்லாம் புக்க கொண்ணாந்து போர்டுக்கு அடியில அடுக்கிடும். ஜூன்ல அடுத்த செட்டு வந்து எடுத்துக்கும். எங்க தெருவுல எவனும் கடையில போயி புக்கு வாங்குனது கெடையாது. அந்த புக்குக்குன்னு ஒரு மவுசு கீது பாய். நாலு கை மாறி வந்த புக்குன்னா பாதிக் கணக்கு பென்சில்ல போட்டே இருக்கும். வாத்தியாரே அசந்து போற மாதிரி ஓரத்துல குறுக்கு வயி எயுதி இருக்கும்.

அந்தக் கட்ட அப்டியே தூக்கி எடைக்குப் போட்டுட்டான் பாய். மொத்தமா! தப்ரேஸ் கடைல.

எவனா? அது இன்னாத்துக்கு இப்போ?... அண்ணே! வெள்ள சட்ட அண்ணே! அந்தப் பேப்பர்ல கைய தொடைக்காத! கொஞ்சம் திருப்பு... மேல இன்னா போட்டுகீது? வெக்டரா? அப்போ தொட, நல்லா தொட.

இன்னா சொல்லிகினு இருந்தேன்... ஆங், கேரம். மே மாசம் எங்க கிளப்புல டோர்ணமெண்ட்டு. ராயபுரத்துலேர்ந்து வரான், வியாசர்பாடிலேர்ந்து வரான், அல்லாம் பெரிய கையி. ரூம்புல கால் நீட்ட எடம் இல்ல. எங்க பாத்தாலும் புக்கு, புக்குக்கு நடுவுல எலி. ஸ்ட்ரைக்கர் கீய வியுந்தா எலி கடிக்குமோன்னு கைய வுட பயமா கீது. அன்னிக்குன்னு பாத்து டீவில நூஸு, புது புக்கு வருது, பயசு இனிமே செல்லாதுன்னு. எங்க கூட ஆடற டில்லிபாபு சொன்னான், கொஞ்சம் இருந்து பாப்போம் மாமு, கையில வந்தப்பறம் போடலாம்னு. டில்லிபாபு எதுக்குதான் இருந்து பாக்கல? ஆட்டத்துல காய அடிக்கறதுக்கே அர மணி நேரம் இருந்து பாப்பான். கிளப்புக்கு செக்ரட்டரின்னு ஒருத்தன் எதுக்கு கீறான்? முடிவெடுக்கத்தான? மீன்பாடி வண்டில ஏத்தி, வெயில்ல, ரயில்வே கேட்டு தாண்டி, ஒரு நடைல முடியல, மறுபடி மறுபடி மிதிச்சி... இன்னி வரைக்கும் முட்டி வலி போவல பாய் எனுக்கு.

இன்னா மொறைக்கிற? நான் இன்னா பண்ணேன்? நூஸ்ல சொன்னான், போட்டேன். "வரும், ஆனா வராது"ன்னு ஒயுங்கா சொல்லி இருந்தான்னா போட்டிருப்பேனா? கமிட்டியக் கேளு. என்னியக் கேட்டு இன்னா ப்ரயோஜனம்?

தோ! தோ கீது! பாத்தியா, "தொகை நுண்கணிதம்". கறை கூட இல்ல. தங்கம் பாய் நீ.

இதுல மதியோட புக்கு வேற பூட்ச்சி. மாடி வூட்டு ஷாஸியா கீதுல்ல, இஞ்சினீரு காலேஜுக்குப் போச்சே, அது தன் புக்க மதி கையில குட்த்து "இது உனுக்குத்தான்டி"ன்னு சொல்லிச்சு. இவ அத்த நெஞ்சில அணைச்சிகினு வூட்டுக்கு வரா. நான் வுடுவனா? ஜூன்ல அல்லாருக்கும் குட்க்கும்போதுதான் உனுக்கும்னுட்டேன். செக்ரட்டரி பொண்ணு மட்டும் முன்னாடியே எடுத்துகினா தெருவுல நாலு பேரு இன்னா பேசுவான்? நானே அவ கையிலேர்ந்து வாங்கி, நானே கட்டுக்கு அடியில வெச்சேன். நாயம் நாயம்தான பாய்? அப்பால வண்டில ஏத்தறப்போ... கட்டு கட்டா ஏத்தறேன், எது எவ புக்குன்னு நான் எங்க பாக்கறது.

கத்துவான்னு பாத்தேன். கத்தல. அயல. பேசறத நிறுத்திட்டா. வூடே ஒரு ரூம்பு பாய், அதுல மூஞ்சிக்கு மூஞ்சி குந்திகினு அவங்கம்மா கிட்ட சொல்றா, "அவர சோறு துன்னச் சொல்லு". அவராம். என்னிய! பொறந்ததுலேர்ந்து அப்பா அப்பான்னு முதுவுல தொத்திகினு இருந்த பொண்ணு. சோறு எறங்கல பாய். மெய்யாலுமே எறங்கல.

தப்ரேஸ் கிட்ட ஓடுனேன். அவன், "அண்ணாத்த, நல்ல தடி பேப்பரு, வந்த வேகத்துல வித்துட்ச்சி, இங்கேர்ந்து எண்ணூரு வரைக்கும் தள்ளு வண்டிக்காரனுங்க வாங்கினு பூட்டானுங்க"ன்றான். பெருமையா சொல்றான்! அன்னிலேர்ந்து டூட்டி முடிச்சி சாயங்காலம் ஆனா இதான் வேல. கத்திவாக்கத்துல சுண்டல் வண்டி. டோல்கேட்ல வேர்க்கல்ல. எண்ணூர் ரோட்ல ட்ரைலர் வண்டி வரிசையா நிக்குது, பஸ்ஸு நவுல மாட்டுது. எறங்கி நடந்தேன். பசி இல்லாம எத்தினி பஜ்ஜிதான் துன்றது ஒருத்தன்? ஒவ்வொரு பேப்பரா கொண்ணாந்து அவ படிக்கற எடத்துல வெச்சிட்டு வந்துடுவேன். எடுத்துக்கறா. எண்ணெய துணியால ஒத்தி, வெயில்ல காய வெச்சி, வரிசையா அடுக்கறா. ஆனா ஒரு வார்த்த? ம்ஹூம்.

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தோ இது ஒண்ணு... இது ஒண்ணு... இதுல பென்சில் எயுத்து கூட கீது. பாய், நிமிந்து பாரேன். பக்க நம்பரு வரிசையா அல்லாம் வந்துட்ச்சி! கணக்கு, கடைசில விடை, அல்லாம்! உன் கடைலதான் பாய் முடியணும்னு இருந்திருக்குது!

இரு, போனு அடிக்குது. வூட்டு நம்பரு. அவங்கம்மாவாத்தான் இருக்கும், அரிசி வாங்கினு வரச் சொல்லி இருந்துச்சு. அலோ... சொல்லு... யாரு?... மதியா?... சொல்லும்மா... ம்... ம்... எந்தப் பாடம்?... யாரு சொன்னா, டீச்சரா?... மொத்தமாவா?... ஆங்... ஆங்... சரிம்மா... இல்லம்மா, தண்டையார்பேட்டைலதான் கீறேன், யாசின் பாய் கடைல... தோ, வந்துகினே கீறேன்.

...

எடுத்துட்டானுங்களாம் பாய். புக்கு வர லேட்டாச்சுல்ல, நேரம் பத்தாதுன்னு இந்த வர்சத்துக்கு ஒரு பாடத்த எடுத்துட்டானுங்களாம். ஆமா. இந்தப் பாடம்தான். இப்போதான் பள்ளிக்கூடத்துலேர்ந்து சொல்லி வுட்டுகீறாங்க.

சிரி. நல்லா சிரி. கரண்டிய கீய வெச்சிட்டு சிரி, எண்ணெ மேல பட்டுடப் போவுது.

அத்த வுடு பாய். பாடம் போவட்டும். நீ கேட்டியா அவ இன்னா சொன்னான்னு? "அப்பா"ன்னா. "அப்பா, அலஞ்சது போதும், வூட்டுக்கு வாப்பா"ன்னா. ரெண்டு தபா சொன்னா பாய், அப்பான்னு. எனுக்கு அயுவாச்சியா வருது. நீ பாட்டுக்கு அந்தாண்ட திரும்பிக்கோ.

...

இல்ல, இந்தப் பேப்பர திருப்பித் தர மாட்டேன். அடுத்த வர்சம் மறுபடியும் சேத்துட்டானுங்கன்னா? தெருவுல எவன் புள்ளைக்குன்னா ஆவும். கிளப்புல மேல பரண்ல வெக்கறேன், எலி வராத எடமா. எடைக்குப் போடறவன் எவனா இருந்தாலும் இனிமே என்னியத் தாண்டித்தான் போவணும்.

மொளகா பஜ்ஜி போடு பாய், சூடா. மதிக்கு அதான் புடிக்கும். நூஸ் பேப்பர்லயே கட்டு. அந்தக் கட்டுலேர்ந்து ஒண்ணு கூட உருவாத, வெக்டர் கூட வேணாம். பிரிச்சிப் பாத்துட்டு மறுபடியும் "அவரு"ன்னுட்டான்னா நான் எங்க பாய் போவேன்?