சமையற்கட்டு வாசலில் ஒரு மேசை

ஊராட்சி மன்றத்தின் உயர்ந்த நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா சிங்காரவேலு அவர்களே, அவருக்கு அருகில் வெள்ளைச் சட்டையில் வீற்றிருக்கும் அவர்தம் புதல்வர் தியாகராசன் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்றங்காலில் நனைந்த கால்களோடு நேரே இங்கு வந்து நிற்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வாய்க்கால் கரையில் அமர வைக்கப்பட்டிருக்கும் தோழர்களே, அந்தக் கரையிலிருந்து என்னைக் கண்கொட்டாமல் பார்க்கும் வைரக்கண்ணு, காத்தாயி இணையரின் மகளாகிய அம்சம் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். பதினாறு வயதுப் பெண்ணை 'அவர்களே' என்றேனாம். தம்பி தியாகராசனுக்கும் பதினாறுதான். அவரை அப்படி விளித்தபோது ஏன் சிரிப்பு வரவில்லை? இன்று நாம் கூடியிருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான்.

செய்தி எல்லோருக்கும் தெரியும். ஐப்பசிப் புயல் வேதாரண்யம் தொடங்கி நன்னிலம் வரை நம்மைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, அரிசி மூட்டையும் போர்வையும் கொண்டுவந்த வெளிநாட்டுச் சங்கம் ஒன்று, பினாங்கு மலைமேல் தான் நடத்தும் பன்னாட்டு விடுதிப் பள்ளியில் நம் ஊருக்கு இரண்டு இடங்கள் தந்தது. தேர்வு வைத்தோம். முதலிடம் அம்சம். இரண்டாமிடம் தியாகராசன். ஒரே கப்பலில் இருவரும் போனார்கள்; இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள்.

போகுமுன், பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்புமாறு பள்ளி கேட்டது. தலைவர் சொல்லச் சொல்ல அதை ஆங்கிலத்தில் எழுதியவன் யார்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்றுப் பட்டம் பெற்ற இந்த ரெத்தினம். பையன் புலால் உண்ணமாட்டான் என்றார், எழுதினேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பான் என்றார், எழுதினேன். "அப்புறம், அந்தப் பொம்பளப் புள்ள ஊர் வழக்கப்படி தனியாத்தான் சாப்புடும்னு ஒரு வரி போட்டுருங்க சார்" என்றார். அதையும் எழுதினேன். பேனா நிற்கவில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

உட்காருய்யா என்று யாரோ சொல்கிறீர்கள். உட்காருவேன். செல்லதுரை, மைக்கை அணைக்க வேண்டாம். அணைத்தாலும் என் குரல் வாய்க்கால் கரைவரைக்கும் போகும். எனக்கு அங்கே போனால் போதும்.

எல்லா நாட்டார் வழக்கத்தையும் மதிக்கும் பள்ளி அது. சீனத்துப் பிள்ளைக்குச் சாப்பிடக் குச்சி வைத்தார்கள். முஸ்லிம் பிள்ளைக்குத் தொழுகைக்கு அறை ஒதுக்கினார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்குச் சமையற்கட்டு வாசலில் ஒரு சின்ன மேசை போட்டார்கள். அவள் மனம் மகிழட்டும் என்று அதன்மேல் நாள்தோறும் பூக்கிண்ணம் வைத்தார்கள். நாம் அனுப்பிய நஞ்சுக்கு அவர்கள் சூட்டிய பூ அது.

அந்தப் பெண் அங்கே எதற்குத்தான் பழகவில்லை? மெத்தையில் உறக்கம் வராமல் ஒரு மாதம் தரையில் படுத்தாள். பிறகு மெத்தைக்குப் பழகினாள். மலைப்பனிக்குப் பழகினாள். முள்கரண்டிக்குப் பழகினாள். முதல் வாரம் புரியாத ஆங்கிலத்துக்கு, மூன்றாம் மாதம் பதில் சொல்லப் பழகினாள். பக்கத்துக் கட்டில் ஜப்பான் பெண்ணுக்கு நடவுக் குலவை சொல்லிக் கொடுத்து, விடுதியே குலவையிட்டு, காவலம்மையாரிடம் திட்டு வாங்கினாள். அந்த மேசைக்கு மட்டும் அவள் பழகத் தேவையே இருக்கவில்லை. ஏனென்றால் அதற்கு அவளை இங்கேயே பழக்கி அனுப்பியிருந்தோம்.

ஆண்டு முடிவில் அறிக்கை வந்தது. 'புதிய வாழ்க்கைக்கு வியக்கத்தக்க வகையில் பழகிவிட்டாள். எந்தக் குறையும் சொல்வதில்லை.' இதே பந்தலில் நான்தான் உரக்கப் படித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினோம் தோழர்களே? ஒரு குழந்தை குறை சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று பொருளா? குறையைக் குறையென்று அறியாதபடி வளர்த்திருக்கிறோம் என்று பொருளா?

இரண்டாம் ஆண்டில் அங்கே சமையலுக்குச் சேர்ந்தார் முத்துப்பேட்டைக்காரர் மூஸா. நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கேட்டார்.

"ஏம்மா, தெனமும் இங்கயே உக்காந்து சாப்புடுற? காய்ச்சலா?"

"இல்ல பாய். எங்களுக்கு இங்கதான்."

"எங்களுக்குன்னா?"

"எங்க ஆளுங்களுக்கு. எல்லா ஊருலயும் அப்படித்தானே பாய்."

எல்லா ஊரிலும். தாய்மார்களே, இந்தச் சொல்லைக் கேட்டீர்களா? கடல் கடந்து, மலை ஏறி, பத்து நாட்டுப் பிள்ளைகளின் நடுவில் போய் நின்றும், உலகம் முழுவதும் தனக்கென்று ஒரு கதவோரம் இருக்கும் என்று நம்பினாள் நம் பிள்ளை. உலகத்தையே அவளுக்கு நம் தெருவாக்கி அனுப்பியிருக்கிறோம்.

மூஸா சிரிக்கவில்லை. "நாப்பது வருசமா சோறு போடுறேன். இங்க துரை மவனே தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறான். ஒனக்கு யாரு இந்த மேசையப் போட்டது? போயி ஆபீசுல கேளு" என்றார்.

கேட்டாள். கடிதத்தைக் காட்டினார்கள். என் கையெழுத்தில், என் அழகான ஆங்கிலத்தில், தன் பெயரை அவள் படித்தாள்.

மறுநாள் நண்பகல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த மேசையிலிருந்து நீளமேசைக்கு முப்பது அடி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை கடந்த கடலைவிட அந்த முப்பதடி அகலம். காலியாக இருந்தது ஓர் இடம். தம்பி தியாகராசனுக்குப் பக்கத்து இடம்.

"கொஞ்சம் தள்ளிக்க."

தம்பி தள்ளிக்கொண்டார். "ஒனக்கு மட்டும் பூவெல்லாம் வச்சாங்களே. நான் பொறாமையா இருந்தேன்" என்றார்.

"பூவ நீயே வச்சுக்க. இன்னுங் கொஞ்சம் தள்ளு."

அவ்வளவுதான் அங்கே நடந்த புரட்சி. தம்பி அதைக் கள்ளமில்லாமல் வீட்டுக்கு எழுதினார்: இப்போதெல்லாம் அம்சம் எங்களோடுதான் சாப்பிடுகிறது, ஒரே சிரிப்பு என்று. அதைப் படித்த தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. இம்முறை என்னிடம் வராமல் கும்பகோணத்தில் ஆள்பிடித்து ஆங்கிலத்தில் எழுதினார்: வழக்கம் மீறியவளை ஊர் ஏற்காது, திருப்பி அனுப்புங்கள்.

பள்ளித் தலைவர் இப்போது நம்மைக் கேட்கிறார். இடம் ஊரின் பெயரால் தரப்பட்டது. ஊர் கூடி எழுதுங்கள், உங்கள் வழக்கம் இதுதானா, பெண் வரலாமா, கூடாதா? விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை கப்பல். இன்று எழுதாவிட்டால் அதில் அவள் இல்லை.

தலைவர் அவர்களே, தங்கள் தோளில் கட்சிக் கரைபோட்ட துண்டு. இதே மேடையில் தாங்கள் சுயமரியாதை பேசக் கேட்டுச் சிலிர்த்தவன் நான். நடவாட்கள் கூலி நெல் அரை மரக்கால் கூடுதலாகக் கேட்டபோது தாங்கள் வெளியூர் ஆட்களை இறக்கியதையும் கண்டவன். கண்டதோடு நின்றேனா? எனக்கும் எட்டு மா நிலம் உண்டு. அந்த ஆட்கள் என் வயலிலும் இறங்கினார்கள். ஆகவே தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நீதிபதியாக நிற்கவில்லை. பக்கத்தில்தான் நிற்கிறேன்.

முன்வரிசை நண்பர் ஒருவர் காலையில் என்னிடம் சொன்னார்: "அப்படி ஒரு வழக்கமே கெடையாதுன்னு எழுதிடுங்க சார். புள்ளையும் போயிடும், ஊர் மானமும் தப்பிச்சிரும்." இல்லை நண்பரே. ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய்யை நான் ஆங்கிலப்படுத்த மாட்டேன். நான் எழுதியிருக்கும் மறுமொழி இது, தமிழில் படிக்கிறேன். 'அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அது குற்றம். முதற்கடிதத்தை எழுதியவனும் குற்றவாளி. பெண் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறாள். அவள் எங்கே உட்கார வேண்டும் என்பதை இனி அவளே முடிவு செய்வாள்.'

கீழே என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த கையெழுத்து அவளுடையது. அம்சம் அவர்களே, மேடைக்கு வாருங்கள். பின்பக்கப் படி வேண்டாம். முன்பக்கம், பெரியோர்களின் நடுவே வாருங்கள். காத்தாயி அம்மா, தடுக்காதீர்கள்.

வருகிறாள். சேறு காயாத தாய்மார்கள் வழிவிடுகிறார்கள். முன்வரிசையும் காலை மடக்கிக்கொள்கிறது.

தலைவர் நாற்காலி போக, மேடையில் இருப்பதோ ஒரே பெஞ்சு. இதோ பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி தியாகராசன் தாமாகவே தள்ளிக்கொள்கிறார்.

அவள் உட்கார்ந்து கையெழுத்திட்டுவிட்டாள். தலைவர் அவர்களே, தங்கள் பிள்ளை இடம் விட்டுவிட்டார். தாள் தங்கள் முன்னால் இருக்கிறது. பேனா தங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தாங்கள் எடுக்கும்வரை இந்தக் கூட்டம் கலையாது. தாங்கள் எடுக்காவிட்டால், கரையில் இருப்போர் கைநாட்டு வைக்க மையும் கொண்டுவந்திருக்கிறேன்.

இவ்வளவு நேரம் நின்ற கால்களுக்கும், பொறுத்த செவிகளுக்கும் நன்றி சொல்லி, கரையிலிருப்போரைப் பந்தலுக்குள் அழைத்து, என் இடத்தில் அமர்கிறேன். வணக்கம்.