தம்பியின் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் அதைத் தூசி தட்ட வேண்டும். பலர் அதைச் செய்யாமல் நேரே கடைக்கு ஓடிவிடுகிறார்கள். பாதிக் கோளாறு தூசியில்தான் இருக்கும். பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்று போதும். என் தம்பி பெயின்டராக இருந்தவன் என்பதால் எங்கள் வீட்டில் பிரஷ்ஷுக்குப் பஞ்சம் இல்லை.

அவன் சாரத்திலிருந்து விழுந்த பிறகு அந்த பிரஷ்களுக்கு வேறு வேலையும் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் நன்றாக இருந்தன. வாய் அதைவிட நன்றாக இருந்தது. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற நாட்களைத் தவிர அவன் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. அப்பா அம்மா இல்லை. நான் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் அவனைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் போனும் வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் ஒரு நடை ஓடி வந்து பார்ப்பேன். யாரும் என்னை ஒரு குறை சொல்ல முடியாது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம்.

கம்ப்யூட்டர் அவன் நன்றாக இருந்த காலத்தில் விளையாடுவதற்காக வாங்கியது. ஆன் செய்தால் உள்ளே ஃபேன் கரகரவென்று இழுக்கும். "கிழவனுக்கு மூச்சு வாங்குதுக்கா" என்பான். கிழவன் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டான். அதில்தான் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். எங்கெங்கோ இருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழுவாக விளையாடுவார்கள். குழுவுக்குத் தலைவி ஒரு பெண். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். என் தம்பிக்கு அங்கே ஆமை என்று பெயர். அவனே வைத்துக்கொண்டது. ஆமை பேச ஆரம்பித்தால் எதிரணிக்காரனும் சிரிப்பான் என்று கேப்டன் ஒருமுறை சொன்னாளாம். அதை என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

அந்த விளையாட்டுக்குப் புது வடிவம் வந்தது. கிழவனால் அதை இழுக்க முடியவில்லை. படம் விட்டு விட்டு ஓடியது. அவன் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்தான், அவ்வளவுதான். நானாகத்தான் கேட்டேன்.

"புதுசே வாங்கிடலாமாடா?"

"வீட்டை வித்தா வாங்கலாம். ஆனா இது வாடகை வீடாச்சே."

எங்களால் முடிந்தது பழைய பாகங்கள்தான். நான் வயிற்றைக் கட்டி, கடை மூடிய பிறகும் வீட்டில் உட்கார்ந்து தைத்துச் சேர்த்தேன். பழைய பாகங்கள் விற்கிறவர் ஒருவர் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரிடம் தம்பி சொன்ன கிராபிக்ஸ் கார்டைக் கேட்டேன். படத்தை ஓட வைப்பது அதுதான். யாரோ கழித்துவிட்ட கார்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கூடவே கரண்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையையும் மாற்றச் சொன்னார்.

"உங்ககிட்ட இருக்கிறது சின்னது. சும்மா வச்சிருக்கும்போது ஓடும். விளையாட ஆரம்பிச்சதும் கார்டு கரண்டை இழுக்கும், மிஷின் பட்டுனு படுத்துடும். அப்புறம் கார்டுதான் சரியில்லைன்னு என்னைத் திட்டுவீங்க."

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்தது. இரண்டையும் வாங்கினேன்.

தம்பி கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, நான் தரையில் உட்கார்ந்து மாட்டினேன். ஒயர்களைப் பார்த்து முதலில் பயந்தேன். பிறகு, ஒரு பழைய கோட்டுக்குள் லைனிங் மாற்றுவதைவிட இது எளிது என்று தோன்றியது. திரை எரிந்ததும் அவன் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அக்கா, நீ கடையை விட்டுட்டு இந்த வேலைக்கே போயிடு" என்றான். அந்த ஒரு சாயங்காலத்துக்காக என் முதுகுவலியெல்லாம் தகும் என்று நினைத்தேன். இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் மாறினான். முன்பெல்லாம் நான் வீட்டுக்கு வந்ததும் கடையில் என்ன நடந்தது, யாருடைய பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்று நோண்டி நோண்டிக் கேட்பான். இப்போது ஹெட்போனைக் கழற்றாமலே கையை மட்டும் அசைப்பான். நான் சொல்ல வந்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான், அதற்குத்தானே பாடுபட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் கதவு ஒருக்களித்திருந்தது. அவன் கேப்டனிடம் பேசிக்கொண்டிருந்தான். அவள் வேலை செய்யும் கம்பெனி இந்த விளையாட்டுப் போட்டிகளை நேரடியாகக் காட்டுகிறதாம். போட்டி நடக்கும்போது பேசுவதற்கு ஆள் வேண்டுமாம். உட்கார்ந்த இடத்தில் வேலை. தங்குவதற்குத் தரைத்தளத்திலேயே அறை, சக்கர நாற்காலி போக வழி, உதவிக்கு ஆள். முதலில் வீட்டிலிருந்தபடியே ஒரு மணி நேரம் விளையாடிக்கொண்டு பேசிக் காட்ட வேண்டும்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். "பாவம், அவளுக்கும் விடுதலை."

அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் என்னிடமும் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விழுவதற்கு முந்தைய முகம் அது.

"இனிமேலாவது நீ உன் வாழ்க்கையைப் பாருக்கா."

"எந்த வாழ்க்கைடா?" என்று கேட்டேன். அவன் நான் வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கிவந்து தூசி தட்டுவேன். அறையில் தட்டினால் அவனுக்கு இருமல் வந்துவிடும். அந்த ஞாயிறும் தூக்கிவந்தேன். "கிழவனுக்குக் குளியலா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். ஆமாம் என்றேன். பிரஷ்ஷால் தட்டினேன். பிறகு புது பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். கழற்றியதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு துணியில் சுற்றித் தையல் அலமாரியில் வைத்தேன்.

நான் எதையும் உடைக்கவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படி வைத்தேன்.

மறுநாள் காலையில்தான் அவன் பேசிக் காட்ட வேண்டும். சட்டை போட்டுவிடச் சொன்னான். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வாரிவிட்டேன். கடைக்கு லீவு போட்டுவிட்டு வாசலருகே நின்று கேட்டேன். அவன் பேச்சில் அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. சிறிது நேரத்தில் எல்லாம் இருட்டானது. மறுபடி போட்டான், மறுபடி அணைந்தது. இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்றும் அப்படித்தான். கம்பெனியில் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

"பழசு பழசுதான்க்கா" என்றான். "என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதான், நானும் அழுதேன். அதற்குப் பிறகு வந்தவை எங்கள் வீட்டில் நல்ல நாட்கள். அவன் ஹெட்போன் போடவில்லை. நான் வருவதற்காகக் காத்திருந்தான். பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடும் குறைந்துவிட்டது. ஆனால் நான் ஊட்டினால் சாப்பிட்டான்.

கேப்டன் விடுவதாக இல்லை. யாரிடமோ கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கிவிட்டாள். போனில் அவனிடம், இது பவர் சப்ளை கோளாறு மாதிரி இருக்கிறது, அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துச் சொல் என்றிருக்கிறாள். அவன் என்னைக் கேட்டான். பெரியதுதான் இருக்கிறது என்றேன்.

"ஒரு போட்டோ எடுத்துக் காட்டுக்கா."

"இப்பக் கடைக்கு நேரமாச்சு. நாளைக்குக் காட்டறேன்."

அடுத்த நாளும் அதையே சொன்னேன். அவன் மூன்றாவது முறை கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீங்கள் கேட்கும் அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவன் தரையில் கிடந்தான். கைகளை ஊன்றி இறங்கப் பார்த்திருக்கிறான். இறங்கும்போது மேஜை முனை தலையில் பட்டிருக்கிறது. அப்படியும் கம்ப்யூட்டர் வரை ஊர்ந்து போய், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியிருக்கிறான். தகட்டில் ரத்தம் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

"அக்கா... இது பழசு."

அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் படியேறுவதைத் தான் பார்த்ததற்கும் நான் வந்து கதவைத் தட்டி உதவி கேட்டதற்கும் நடுவே நிறைய நேரம் இருந்தது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னாராம். அவர் நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். காரியத்துக்கு வந்த கேப்டன் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். பொழுது சாயும் வரை அது அணையவே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். நீங்கள் அலமாரியில் எடுத்தது நான் மாற்றி வைத்த பழைய பவர் சப்ளைதான். அதே துணியில்தான் சுற்றி வைத்தேன்.

அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவன் தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். அலமாரியைத் திறந்து புதியதை எடுத்து வந்தேன். பழையதைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டுவது பழகிய கைக்குப் பெரிய வேலை இல்லை. ஒயர்களை ஒழுங்காகக் கட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒழுங்காகவே கட்டினேன். அவன் மூச்சு பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறை இடறியது. இதோ முடிந்துவிட்டது என்றேன். தகட்டைத் துடைத்து மூடி, விளையாட்டைப் போட்டுவிட்டேன்.

அடிபட்ட பிள்ளை, தப்பாக எதையோ நினைத்துக்கொண்டு போய்விடக் கூடாது இல்லையா. அதற்காகத்தான்.

"பாருடா, நல்லாத்தானே ஓடுது" என்றேன்.

அவன் அதைப் பார்க்கவில்லை, மேடம். திரை அவ்வளவு வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. கடைசிவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.