கோடு போட்ட செல்லக்கண்ணுக்கு நான் செய்தது

செல்லக்கண்ணு போய்விட்டார். சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல், நாகப்பட்டினம் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்ட கப்பலில், மனைவி கண்மணியோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும், இருபத்திரண்டு ஆண்டு இந்தச் சிங்கப்பூரில் உழைத்துத் தேய்ந்த உடம்போடும் அவர் போய்விட்டார்.

வணக்கம் சொல்லாமலே தொடங்கிவிட்டேன். பொறுத்தருள வேண்டும். மனத்தில் உள்ளது முந்திக்கொண்டது; மரபு பிந்திவிட்டது.

அவையை அணி செய்யும் தலைவர், வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் வழித்துணை, பெரியவர் ஏரம்பமூர்த்தி அவர்களே! பெற்ற பிள்ளைகள் பந்தோடு போனால் பசித்தும் பார்த்திருக்கும் தாய்மார்களே! எங்கள் பிள்ளைகளை இலவசமாக ஏற்றி இறக்கி, இரண்டு லாரிகளை ஓட்டையாக்கிக்கொண்ட என் அருமை நண்பர் சேக் தாவூது அவர்களே! ஆடி வென்ற வீரர்களே, ஆடித் தோற்ற வீரர்களே! சிராங்கூன் சாலையின் சிறு கடைக்காரர்களே, செம்பவாங்கிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வெங்காய வியாபாரி சுப்பிரமணியத்தின் வணக்கம்.

என்ன சொல்கிறீர்கள்? மாலையைப் போட்டுக்கொண்டு பேச வேண்டுமா? ஐயா, அந்த மாலை மேசைமேலேயே இருக்கட்டும். இருபது ஆண்டு புரவலர் என்று எனக்குப் போட வாங்கி வந்தீர்கள். நான் பேசி முடித்த பிறகு யாருக்கேனும் அதை என் கழுத்தில் போடத் தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செல்லக்கண்ணு யார்? நம் கழகத்தின் தலைவரா? இல்லை. செயலாளரா? இல்லை. ஆட்டக்காரரா? ஒரு நாளும் பந்தை உதைத்தவர் இல்லை. செம்பவாங்கில் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குச் சாயம் அடித்தவர். கப்பலின் வயிற்றில் ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் கோடு. தொங்கு பலகையில் உட்கார்ந்து, வெயிலில் வெந்து, அந்தக் கோட்டை இழுக்கும் வேலை அவருக்கு. வாரத்தில் ஆறு நாள் கப்பலுக்குக் கோடு. ஏழாம் நாள், ஓய்வென்று ஊரே உறங்கும் ஞாயிற்றுக்கிழமை, முதல் பேருந்தில் ஏறி ஃபேரர் பார்க் திடலுக்கு வந்து, சுண்ணாம்புத் தகரத்தோடும் கயிற்றோடும் குனிந்து, நமக்குக் கோடு போட்டார். கூலி கேட்டாரா? பேருந்துக் காசு கேட்டாரா? பெயர் எழுதிப் பலகை வையுங்கள் என்று கேட்டாரா? ஒருநாள் நான் கேலியாகக் கேட்டேன்: “ஏன்டா, ஆறு நாள் போட்டது போதலையா?” அதற்கு அவர் சொன்னார்: “அது வெள்ளைக்காரன் கோடுண்ணே. இதுலதான நம்ம பையன் ஓடுறான்.”

அந்தப் பையன், அவர் மகன் தங்கராஜு, இன்று நம் கோல்காப்பாளர், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை. ஆகவே இந்த நாட்டின் குடிமகன். இன்று தேசிய சேவைச் சீருடையில் வந்திருக்கிறார். நாட்டைக் காக்க மகன் நிற்கிறான். நாட்டை விட்டுத் தந்தை போகிறான். எப்படி நேர்ந்தது இது? யாரால் நேர்ந்தது?

சட்டத்தால் என்பீர்கள். தளத்தை மூடிப் போகிற வெள்ளைக்காரனால் என்பீர்கள். காலத்தால் என்பீர்கள். சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. புது நாடு, வேலை குறைவு, குடிமக்களுக்கே முதலிடம் என்பது நியாயம்தான். நான் சொல்ல வந்தது வேறு. வரும் வழியில் நம் தலைவரிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போய், “உந்தக் கதையை மேடையில சொல்ல வேணுமே சுப்பிரமணியம்? ஆக்கள் என்ன கதைப்பினம்?” என்றார். கதைக்கட்டும் ஐயா.

ஐம்பத்தேழாம் ஆண்டின் கடைசி. நினைவிருக்கிறதா? குடியுரிமைக்குப் பதியுங்கள், பதியுங்கள் என்று ஊரெங்கும் ஒரே பேச்சு. நீண்ட வரிசைகள், நெரிசல்கள். எனக்கோ கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிய நாளில், சாக்கின் மேல் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்த ஆங்கிலம். ஆகவே பஃபலோ ரோட்டில் என் கடை வாசலுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. வெங்காய மூட்டைமேல் விண்ணப்பப் பாரத்தை விரித்து எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தேன். வாடிக்கை பெருகும் என்ற கணக்கும் அதில் இருந்தது, மறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை செல்லக்கண்ணு வந்தார்.

“அண்ணே, நாளைக்கு எனக்கு லீவு. பதிவு நெரிசலுக்காக ஞாயிறும் ஆபீஸ் திறக்குறாங்களாம். பாரம் எழுதிக் குடுத்து, கூட ஒரு எட்டு வர்றீங்களா? அங்க என்ன கேப்பாங்களோ, எனக்கு நாக்கு எழும்பாது.”

“நாளைக்கு என்னடா பாரம்? இறுதி ஆட்டம் லா! கோடு யாரு போடுவா, உங்க மாமனாரா?”

“வெள்ளனே போயிட்டு வந்துடலாம்ணே.”

“திங்கட்கிழமை வா. நானே எழுதி, நானே கூட்டிட்டுப் போறேன்.”

சரி என்று போய்விட்டார். மறுநாள் விடியுமுன் திடலில் நின்றார்.

அந்த இறுதி ஆட்டம் உங்களுக்குத் தெரியும். ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிடம். எதிரணி அடித்த பந்து மேற்கம்பத்தில் மோதி, கோட்டருகே விழுந்தது. அன்றைய நம் காப்பாளர் பாய்ந்து வெளியே தள்ளிவிட்டார். கோலா, இல்லையா? நடுவர் பார்க்கவில்லை. கம்பத்தின் பின்னால் சுண்ணாம்புத் தகரத்தோடு நின்ற செல்லக்கண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். நம் ஆள், நம் கழகம், நம் கோப்பை! இல்லை என்று ஒரு தலையசைப்புப் போதாதா? செல்லக்கண்ணு சொன்னார்: “உள்ள விழுந்துச்சு சார்.”

தோற்றோம்.

யார் அங்கே? விழவில்லை என்கிறீர்களா? உட்காருங்கள் ஐயா. பன்னிரண்டு ஆண்டாக நாம் எல்லாரும் விழவில்லை, விழவில்லை என்று தேநீர்க் கடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விழுந்தது. நான் அவருக்கு நாலு முழம் தள்ளித்தான் நின்றேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். உள்ளே விழுந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

திங்கட்கிழமை மாலை செல்லக்கண்ணு கடைக்கு வந்தார். கையில் பாரம். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, குழந்தையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கடை நிறைய ஆள். முதல் நாள் தோல்வியில் எனக்கு நெஞ்சு முழுக்க நெருப்பு. கோப்பையை வைக்கக் கடையில் கண்ணாடிப் பேழை செய்து வைத்திருந்தேனே, அது காலியாகக் கிடந்தது. அவரைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படி நான் சொன்னேன்:

“பந்து எங்க விழுந்துச்சுன்னு அவ்வளவு துல்லியமா தெரியுதுல்ல உனக்கு? பாரத்துலயும் கோடு கோடாத்தான் போட்டிருக்கான். நீயே பாத்து எழுதிக்க!”

கடையே சிரித்தது. செல்லக்கண்ணும் கொஞ்சம் சிரித்தார். பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வர்றேண்ணே” என்று போனார்.

கோபித்துக்கொண்டு கழகத்தை விட்டாரா? அடுத்த ஞாயிறு முதல் பேருந்தில் வந்தார். கோடு போட்டார். என்னைப் பார்த்தார், வணக்கம் சொன்னார். பாரத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. எனக்கு மறந்துபோனது என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் நினைவு வந்தது. அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். வெள்ளைக்காரன் தளத்தை விட்டு அசையப் போகிறானா, இவன் வேலைக்கு என்ன கேடு, அவசரம் என்ன என்று இருந்தேன். அந்தப் பெரும் பதிவு முடிந்தது. ஆண்டுக்கு ஆண்டு விதிகள் இறுகின. வேலையிலிருந்து அனுப்பிவிடப் போகிறார்கள் என்று யார் கண்டது?

இரண்டாண்டுக்கு முன் ஜோகூருக்கு ஆடப் போனோமே, பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கிய புதிது. உட்லண்ட்ஸ் எல்லையில் லாரி நின்றது. எல்லாரும் எடுத்து நீட்டினார்கள். செல்லக்கண்ணு மட்டும் பின்பக்கமாக இறங்கி, பந்துப் பையை எடுத்துச் சேக் தாவூது கையில் கொடுத்தார். “நான் இந்தப் பக்கமே இருக்கேன் பாய். நீங்க ஜெயிச்சுட்டு வாங்க.” மாலை ஐந்துக்குத் திரும்பினோம். இறங்கிய இடத்திலேயே ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “எத்தனை கோல்?” என்று கேட்டார். அன்றாவது அவரை மறுநாள் கையைப் பிடித்து அழைத்துப் போனேனா? இல்லை. வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு தளத்தில் ஆள் குறைப்பு வந்தது, கடிதம் வந்தது. என் கடையில் வேலை தருகிறேன் என்று ஓடினேன். குடிமகன் அல்லாதவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். எழுதினேன், மறுத்தார்கள். மறுபடி எழுதினேன், மறுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மாலையில் எழுதியிருக்க வேண்டியதை இந்தக் கை இப்போது எழுதி என்ன பயன்?

தம்பி தங்கராஜு எழுந்து நிற்கிறார். நிற்கட்டும், யாரும் அவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். என்ன தம்பி? சத்தமாகக் கேள். “அப்பா ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்கிறார்.

தம்பி, பந்து உள்ளே விழுந்ததைச் சொன்னார் உன் அப்பா. தன் மேல் விழுந்ததைச் சொல்லவில்லை. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை நீதான். உனக்கு எட்டு வயது. கடை சிரித்தபோது நீயும் சிரித்தாய். எதற்கென்று தெரியாமல் சிரித்தாய். உன் அப்பா நாட்டை இழந்தது ஆட்டத்தால் அல்ல, அரசாங்கத்தாலும் அல்ல. என்னால். ஊர் கேட்க அன்று அவமதித்தேன்; ஊர் கேட்க இன்று ஒப்புக்கொள்கிறேன். நீ என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றால் அதற்கும் தலை குனிவேன். அமருங்கள் தாய்மார்களே, அழ வேண்டாம், இன்னும் கொஞ்சம்தான்.

துறைமுகத்தில் ஓர் உறையை நீட்டினேன். வாங்கவில்லை.

“வேணாம்ணே.”

“வெறுங்கையா எப்படிடா அனுப்புவேன்? ஏதாவது கேளு.”

“கேட்டா பேரம் பேசுவீங்க.”

“பேச மாட்டேன். சத்தியமா.”

அவர் கண்மணி அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்லக்கண்ணு சொன்னார்: “தளத்துல நம்ம கழகத்து ஆளுக இன்னும் ஆறு பேரு இருக்காங்கண்ணே, என்னை மாதிரி குடியுரிமை இல்லாம, நீல அட்டையோட. எல்லாருக்கும் பிள்ளைக இங்க பொறந்தது. அவங்களக் கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை வேணாம், ஆட்டம் இருக்கும், ஆபீஸும் இருக்காது. வேலை நாள்ல போங்க. கடையை மூடிட்டுப் போங்கண்ணே.”

கடையை மூடிவிட்டு! முப்பது ஆண்டில் தீபாவளி, பொங்கல் தவிர நான் கதவை இழுத்து மூடியதில்லை என்று அவருக்குத் தெரியும். எங்கே பிடித்தால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து கேட்டாரா, இல்லை, அங்கே பிடித்தால்தான் நான் நிற்பேன் என்று தெரிந்து கேட்டாரா? அறியேன். சங்கு ஊதியது. ஏணியில் ஏறினார். கண்மணி அம்மாள் மட்டும் ஒருமுறை திரும்பி, “பையன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

தோழர்களே, கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவன் நம் நடுவில் இருக்கிறான். அவன் கூச்சத்தில்தான் நம் ஆணவம் குடியிருக்கிறது. எழுதத் தெரிந்தவன் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசத் தெரிந்தவன் கூடப் போக வேண்டும். நாளை என்று சொல்லாதீர்கள். ஆட்டம் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். கோபம் தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபம் தணிந்துவிடும், கப்பல் திரும்பாது!

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், நின்றபடியே கேட்கும் தங்கராஜுவுக்கும் என் நன்றி, என் வணக்கம். மாலையைப் பக்கத்துக் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். ஒத்துக்கொண்ட விலையை மட்டும் சொல்லி இறங்குகிறேன், தலைவர் எழுதிக்கொள்ளட்டும். ஆள் ஆறு. நாள் செவ்வாய். வருகிற செவ்வாய் தொடங்கி, ஆறு பேருக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும்வரை, ஒவ்வொரு செவ்வாயும் பஃபலோ ரோட்டில் என் கடை அடைப்பு. இல்லை என்று வந்தால் மறுபடியும் பாரம், மறுபடியும் அடைப்பு. லாரி சேக் தாவூதுடையது, எண்ணெய் என்னுடையது. கூலி கிடையாது. தவணை கிடையாது. பேரம் பேசவில்லை.