அக்கா அறைக்கு ஒரு புது ஜன்னல்

ஜன்னல் மாற்றினால் எல்லாரும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள் ஐயா. என் கண் ஓரத்துக்குத்தான் போகும். பழையதைப் பெயர்த்துப் புதுச் சட்டம் வைக்கும்போது, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து விழும். அதை மறைக்க அறையின் உள்பக்கம் மரப்பட்டை அடிப்போம். பட்டை சட்டத்தோடு நின்றுவிட வேண்டும். ஜன்னல் கதவின் மேல் ஏறிவிட்டால் அப்புறம் திறக்காது. தச்சு வேலைக்கு வந்தவன் முதலில் கற்றுக்கொள்வதே இதுதான்.

அக்காதான் என்னை வளர்த்தாள். அம்மா போனபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாதாம். ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுத்து எனக்குச் சோறு போட்டாள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டிதான். கரண்டுப் பெட்டியில் மடிப்பு நிற்காது என்பாள். கரி மூட்டியதும் ஜன்னலைத் திறந்துவிடுவாள். "மூடின ரூம்ல கரி எரிஞ்சா, ஆளைத் தூங்க வச்சே கொன்னுடும்டா" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த ஜன்னல் வழியாகத்தான் தையல்காரர் துணி கொடுப்பார். மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷர். முதலில் துணி மட்டும் வந்தது. பிறகு பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது. ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவரு என்னைக் கட்டிக்கிறேங்கிறாரு. நீ என்னடா சொல்றே?"

"உன் இஷ்டம்க்கா."

அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த வாரமே, உளுத்துக் கிடந்த ஜன்னலை மாற்றிக் கொடுத்தேன். "இத்தனை வருஷம் கேட்டேன், இப்பத்தான் துரைக்கு மனசு வந்துதா?" என்று கேலி பண்ணினாள். பட்டையைக் கதவின் மேல் ஒரு விரல் அகலம் ஏற்றி, இரண்டையும் சேர்த்துத் திருகாணி போட்டேன். ஆணித் தலைகளை மக்கு வைத்து மூடிப் பெயின்ட் அடித்தேன். அவர்கள் பேச்சு கொஞ்சம் குறையட்டும் என்றுதான் செய்தேன்.

"திறக்க மாட்டேங்குதேடா."

"புது மரம்க்கா, மழையில ஊதியிருக்கு. வெயில் வந்தா சரியாயிடும்."

நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. மழையும் விடவில்லை. சாரல் துணியில் படுமென்று, கொஞ்ச நேரம்தானே என்று அறைக் கதவையும் சாத்திக்கொண்டு தேய்த்தாள். மதியம் வெளியே வந்து, தலை வலிக்கிறது என்றாள். "உள்ள போய்க் கொஞ்ச நேரம் படுக்கா" என்றேன். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கதவைத் திறந்து பார்த்தேன். தேய்த்து மடித்த தையல்காரர் சட்டையின் மேல் தலை வைத்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது. தூக்கி வந்து வெளியே கிடத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். தூங்கட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். பெற்றவளைப் போல இருந்தவள் ஐயா. இன்னும் அழுது முடியவில்லை.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தையல்காரர் வீட்டை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அங்கே போய் அவள் எப்படி ஐயா மூச்சு விடுவாள்?