எங்கை போறியள்?

வேலணையில் ஏறிய யாழ்ப்பாண பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் பேப்பரை விரித்துக் காட்டினாள்.

“அக்கா, உங்கட பக்கத்து வீட்டுப் பேராசிரியர். விஞ்ஞானமும் நம்பிக்கையும் எண்டு புத்தகம் எழுதி, லண்டன், கனடா எல்லாம் பேசித் திரியிறாராம்.”

“அந்தாள் ஒரு நாள் பிந்திப் போனது என்னாலை.”

“உங்களாலையோ?”

“பெட்டியோடை படலையைத் திறந்தவர். நான் வாய் தவறி ‘எங்கை போறியள்?’ எண்டு கேட்டுப்போட்டன்.”

“ஐயோ! வெளிக்கிடுற ஆளை அப்பிடிக் கேட்டால் போற காரியம் சரிவராதெல்லோ. ‘தூரமோ?’ எண்டெல்லோ கேக்கிறது.”

“பிழைதான். என்னை முழுசிப் பாத்திட்டு, திரும்பிப் போய்க் கதிரையிலை இருந்து தண்ணி குடிச்சுது. ஏத்த வந்த வானையும் திருப்பி அனுப்பிப்போட்டுது. பிளேனும் போயிட்டுது.”

இளையவள் பேப்பரைப் பார்த்தாள். “இஞ்சை, ‘சகுனம் பாக்கிறது மூளையின்ரை மயக்கம்’ எண்டு பேசியிருக்கிறார். சனம் எழும்பி நிண்டு கைதட்டினதாம்.”

“தட்டும், தட்டும். அதுகளுக்கு எங்கட படலை தெரியுமே?”

“கடைசியிலை சபையிலை கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் பதில் சொன்னவராம்.”

“நான் கேட்டதுக்கு இன்னும் சொல்லேல்லை.”