ஒரு ஆளுக்கு ஒரு வரி

தக்காண வார்ப்படத் தொழிற்சாலைத் தொழிலாளி அய்யாக்கண்ணு இறந்தது சம்பந்தமாக, 1989 மார்ச் 11, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் காவல் நிலையத்தில் பதிவான வாக்குமூலம்.

என் பெயர் எலிசபெத், வயது 33, தகப்பனார் ஜேம்ஸ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர், இருப்பு மெட்டுகுடா. மேற்படி தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஏழு வருடமாகப் புரோகிராமர். தெலுங்கு பேசுவேன், படிக்க வராது. அதனால் ஏட்டு ராமசுவாமி எழுத, தமிழில் சொல்கிறேன்.

எங்கள் தொழிலாளிகளுக்கு மெடிக்கல் டெஸ்ட் நடந்தால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி ஏறும். ரத்த அழுத்தம் ஒரு வரி, காது ஒரு வரி, குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சு டெஸ்ட் ஒரு வரி. ஒரே ஆளுக்கு ஆறேழு வரி கீழே கீழே நிற்கும். பிப்ரவரி 14-ம் தேதி காலை பதினோரு மணிக்கு என் மேலதிகாரி வெங்கடராமன் என்னைக் கூப்பிட்டு, டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு மூன்று மணிக்குள் அறிக்கை வேண்டும், ஒரு ஆளின் டெஸ்டுகள் ஒரே வரியில் பக்கவாட்டில் கட்டம் கட்டமாக வர வேண்டும் என்றார். அதன் பிறகு நான், சிலருக்கு ஒரே டெஸ்ட் இரண்டு தடவை நடந்திருக்கிறது, அவர்களுக்கு மட்டும் இரண்டு வரி விடலாம் என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன். செவிடன் காதில் ஊதின சங்குதான். "ஒரு ஆளுக்கு ஒரு வரி, எலிசபெத். ரெண்டாவது வரி தெரிஞ்சா கேள்வி வரும்" என்றார்.

அதன் பிறகு நான் குவெரி, அதாவது எதை எடுத்துக் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளை, எழுதினேன். ஒரு கட்டத்தில் இரண்டு எண் உட்காராது, எதை எடுப்பது என்று சொல்லியாக வேண்டும். பெரியதை எடு என்று எழுதினேன். ரத்த அழுத்தத்தில் பெரிய எண்தான் மோசம், காதிலும் அப்படித்தான், மோசமானது கண்ணில் படட்டும் என்று நினைத்தேன். மூச்சு டெஸ்டில் அது தலைகீழ். அங்கே அறுபதுக்குக் கீழே போனால், வார்ப்புகள் மேல் மணல் பீய்ச்சும் ஷெட்டிலிருந்து ஆளை மாற்ற வேண்டும் என்பது விதி. அதை நான் யோசிக்கவில்லை. அவசரப்படுத்தினார்கள், வாஸ்தவம். எழுதின கை என்னுடையது. அறிக்கை அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், அதைப் பார்த்துத்தான் ஷெட் மாற்றல் பட்டியலும் போட்டார்கள்.

அய்யாக்கண்ணு அந்த ஷெட்டில்தான் வேலை, எங்கள் சந்தில் குடியிருந்தவர், அப்பாவின் சிநேகிதர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பிப்ரவரி 20-ம் தேதி கம்பெனி பஸ்ஸில் என்னிடம், ஜனவரியில் டாக்டர் இரண்டாம் தடவை ஊதச் சொன்னார், ஷெட் மாற்றுவார்கள் என்றார், பட்டியலில் என் பெயர் இருக்கிறதா பார்த்துச் சொல் என்று கேட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். அதன் பிறகு நான் ஆபீசில் அறிக்கையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அவரிடம், "எழுபத்தெட்டு இருக்கு மாமா, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். "ஹவ் பாப்பா, ஆமா, மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஜேம்ஸ் மகள் சொன்னதால்தான் அவர் மறுபடி டாக்டரிடம் போகவில்லை என்று அவர் மனைவி கனகவல்லி புகாரில் எழுதியிருப்பது நிஜம். அந்த அம்மாவை நான் மறுக்கவில்லை.

மார்ச் 9-ம் தேதி காலை ஷிப்டில் அவர் ஷெட்டுக்குள் முகமூடியோடு விழுந்தார், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போயிற்று. மறுநாள் நான் கட்டங்களை விட்டுவிட்டு மூல வரிகளை எடுத்துப் பார்த்தேன். ஜூலையில் எழுபத்தெட்டு, ஜனவரியில் ஐம்பத்தொன்று. இரண்டும் அங்கேயேதான் இருந்தன. நான் எண்ணைத் திருத்தினதாகப் பிரிவில் பேசுகிறார்கள், அது பொய். கம்ப்யூட்டர் தவறு என்று வெங்கடராமன் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், அதுவும் பொய். சொன்னதைத்தான் அது செய்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆக வேண்டாம்.

அதன் பிறகு, அதே மாதிரி சின்ன எண் மறைந்துபோன இன்னும் மூன்று பேர் தெரிந்தார்கள். மூவரும் இன்றைக்கும் அதே ஷெட். வெங்கடராமனிடம் ஓடினேன், விசாரணை முடிகிறவரை ஒரு தாள் வெளியே போகக் கூடாது என்றார். பர்சனல் ஆபீசரிடம் போனேன், எழுத்தில் வாங்கி வா என்றார். ஷெட் போர்மேன், ஆர்டர் இல்லாமல் ஆளை எடுக்க மாட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உயிர் போனது போதாதா இவர்களுக்கு? அதன் பிறகு மூவரில் ஒருவரான அப்துல் ரஹீமை நேரிலேயே பார்த்துச் சொன்னேன். "அய்யாக்கண்ணுகிட்ட நல்லாயிருக்குன்னு சொன்னதும் நீதானே. நக்கோம்மா, வேணாம், ஆர்டர் வரட்டும்" என்றார். என் வாய்க்கு இனி மதிப்பில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மூவருக்கும் ஷிப்ட். ஸ்டேஷனிலிருந்து போன் போனால் நிறுத்துவார்கள்.

ஏட்டு, இடம் போதாது, மூவரின் பெயரையும் மூச்சு டெஸ்ட் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடலாம் என்றார். மாட்டேன் என்றேன். ஒரு டெஸ்டுக்கு ஒரு வரி, கீழே கீழே எழுதினால்தான் கையெழுத்து என்றேன்.

அப்துல் ரஹீம், ஜூலை, 74
அப்துல் ரஹீம், ஜனவரி, 55
தியாகு, ஜூலை, 69
தியாகு, ஜனவரி, 58
உலகநாதன், ஜூலை, 71
உலகநாதன், ஜனவரி, 49

இதுவரை எழுதியதை ஏட்டு வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் கலக்கவில்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. ஆறு வரியும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜே. எலிசபெத்